வால்வு ஆம்ப், ஐசி ஆம்ப், நடுவில் ஒரு 2.7 ஓம் ரெசிஸ்டர்

வால்வு (பழைய ரேடியோவில் இருந்த கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயரில் பாட்டு கேட்டால் குரல் முன்னால் வந்து நிற்கும், அடிநாதம் குண்டாக இருக்கும், ஐசி (சிப்) செட்டில் அது வராது என்று வால்வு பிடித்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் கேட்டது. ஆனால் ஐசி ஆம்பின் ஸ்பீக்கர் ஒயரில் ஒரு 2.7 ஓம் சிமெண்ட் ரெசிஸ்டரைச் சேர்த்ததும் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது. அதுவரை வால்வுக்கு நான் கொட்டிய பணத்தை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் கட்டியது ஐசி ஆம்ப். எல்எம்3886, சானலுக்கு ஒன்று. டிரான்ஸ்பார்மர் 18-0-18, 5 ஆம்பியர். ரெக்டிஃபை செய்து வடிகட்டினால் இரு பக்கமும் 25 வோல்ட் சுமார் வரும். 8 ஓம் ஸ்பீக்கரில் 25 வாட்டுக்கு மேல் சுத்தமாகக் கொடுக்கும், வீட்டு ஹாலுக்கு அது தாராளம். இந்த ஐசியில் இரண்டு வகை உண்டு, வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்: கடைசியில் டிஎஃப் என்று முடிந்தால் பின்பக்கம் பிளாஸ்டிக், அப்படியே ஹீட் சிங்க்கில் திருகலாம். வெறும் டி என்று முடிந்தால் பின்பக்க உலோகம் மைனஸ் சப்ளையோடு இணைந்திருக்கும், மைக்கா ஷீட் வைக்காமல் திருகினால் ஹீட் சிங்க் முழுக்க மைனஸ் 25 வோல்ட் ஏறிவிடும். எனக்குக் கிடைத்தது டி வகை. மைக்கா, திருகுக்கு பிளாஸ்டிக் வாஷர், இரு பக்கமும் ஹீட் சிங்க் பேஸ்ட். முடித்ததும் ஐசியின் முதுகுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே மீட்டரை வைத்து, பீப் வரவில்லை என்று பார்த்த பிறகுதான் கரண்ட் கொடுத்தேன்.

முதல் முறை கரண்ட் கொடுப்பது எப்போதும் சீரிஸ் லேம்ப், அதாவது மெயின்ஸ் ஒயரில் வரிசையாகக் கோர்த்த பல்பு வழியாகத்தான். 100 வாட் குண்டு பல்பு ஒன்று, இந்தக் காலத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். மங்கியது. அவுட்புட்டில் டிசி ஒரு சானலில் 12 மில்லிவோல்ட், இன்னொன்றில் 9. எட்டாவது பின்னில் இருக்கும் மியூட்டுக்கு ஒரு கபாசிட்டர் போட்டதால் ஆன் செய்யும்போது டம்மென்ற சத்தமும் இல்லை. கேபினெட், சாக்கெட், ஒயர் எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய்க்குள் முடிந்தது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, ஏனென்றால் எந்த வம்பும் பண்ணாமல் வேலை செய்தது.

வம்பு முழுக்க வால்வில்தான்.

பெரியப்பா ஒரு காலத்தில் விருதுநகர்ப் பக்கம் மைக்செட் வைத்திருந்தார், ரேடியோ ரிப்பேரும் பார்ப்பார். அவருடைய பழைய பெட்டியில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த வால்வுகள் கொஞ்சம், அட்டைப் பெட்டியோடு அப்படியே இருந்தன. அதிலிருந்து இரண்டு ஈஎல்84, ஒரு ஈசிசி83 எடுத்தேன். எடுக்கும்போது பெரியப்பா, "தம்பி, எழுத்தைப் பாத்து எடு, யூஎல்லும் அதுல கெடக்கும்" என்றார். அந்த ஒரு வரி எனக்குப் பல மணி நேரத்தை மிச்சம் பிடித்தது. யூஎல்84 பார்க்க அதே உயரம், அதே ஒன்பது பின். ஆனால் அதன் ஹீட்டர் 45 வோல்ட், 100 மில்லியாம்பியர். ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் ரேடியோவில் வால்வு ஹீட்டர்களை எல்லாம் வரிசையாகக் கோர்த்து ஓட்டுவதற்காக வந்தது. ஈஎல்84க்கு 6.3 வோல்ட், 0.76 ஆம்பியர். மாற்றிச் சொருகினால் ஹீட்டர் சிவக்கவே சிவக்காது, நாம் சர்க்யூட்டைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

சர்க்யூட் ரொம்பப் பழையது, எளியது. ஈசிசி83இல் பாதி ஒரு சானலுக்கு, பாதி இன்னொன்றுக்கு. அதற்குப் பின்னால் சானலுக்கு ஒரே ஒரு ஈஎல்84, கிளாஸ் ஏ (பாட்டு இல்லாதபோதும் வால்வில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும் முறை). எச்டி, அதாவது வால்வின் பிளேட்டுக்குப் போகும் உயர் வோல்டேஜ் டிசி, 265 வோல்ட். வால்வில் எவ்வளவு கரண்ட் ஓடும் என்பதை முடிவு செய்யும் கேத்தோடு ரெசிஸ்டர் டேட்டா ஷீட்டில் 135 ஓம் என்று இருக்கும். அது 250 வோல்ட்டுக்கு 48 மில்லியாம்பியர் ஓடும் கணக்கு, அதாவது பிளேட்டில் சரியாக 12 வாட், வால்வின் எல்லையே அதுதான். ராத்திரி நேரத்தில் எங்கள் தெருவில் மெயின்ஸ் 240க்கு ஏறும் என்பதால் 150 ஓம் போட்டேன். கேத்தோடில் 7.6 வோல்ட் வந்தது. 7.6ஐ 150ஆல் வகுத்தால் மொத்தம் 50 மில்லியாம்பியர், அதில் ஸ்கிரீனுக்கு (வால்வுக்குள் இருக்கும் இன்னொரு முனை) போவது 5 என்று கழித்தால் பிளேட்டில் 11 வாட்டுக்குச் சற்று மேல். பழைய வால்வுக்கு அது போதும்.

டிரான்ஸ்பார்மர் சுற்ற, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓர் அண்ணனைப் பிடித்தேன். பவர் டிரான்ஸ்பார்மர் அவருக்கு அன்றாட வேலை: 200-0-200, 150 மில்லியாம்பியர், கூடவே 6.3 வோல்ட் 3 ஆம்பியர். அவுட்புட் டிரான்ஸ்பார்மர்தான் புதிது. வால்வின் பக்கம் 5,000 ஓம், ஸ்பீக்கர் பக்கம் 8 ஓம் தெரிய வேண்டும் என்றால் சுற்று விகிதம் 25க்கு 1. பிரைமரி 36 கேஜில் 2,500 சுற்று, செகண்டரி 22 கேஜில் 100 சுற்று, பிரைமரியைப் பாதி சுற்றி, செகண்டரியைச் சுற்றி, மேலே மீதிப் பாதி. ஒன்றேகால் அங்குல பாபின். காகிதத்தில் படம் வரைந்து கொடுத்தேன், அழகாகச் சுற்றினார். ஆனால் ஸ்டாம்பிங்கை (இரும்புத் தகடுகளை) அடுக்கும்போது வழக்கப்படி ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி அடுக்கிவிட்டார். ஸ்டெபிலைசருக்கும் யூபிஎஸ்ஸுக்கும் அதுதான் சரி. இங்கே வால்வின் டிசி கரண்ட் முழுக்க பிரைமரி வழியாகவே ஓடுகிறது, இடைவெளி இல்லாவிட்டால் இரும்பு அந்த டிசியிலேயே நிறைந்துவிடும், அப்புறம் பாட்டுக்கு இடமே இருக்காது.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தால் கேட்டது அதேதான். குரல் பரவாயில்லை, தவில் வந்தால் யாரோ அட்டைப் பெட்டியைத் தட்டுவது போல். திரும்ப எடுத்துக்கொண்டு போய், ஈ வடிவத் தகடு எல்லாம் ஒரே பக்கம், ஐ எல்லாம் எதிர்ப்பக்கம், நடுவில் ஒரு ஏ4 தாள் என்றேன். அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏன் சார், இப்படிப் போட்டா நரநரன்னு கத்துமே?" என்றார். மெயின்ஸில் போட்டால் கத்தத்தான் செய்யும், இது அதற்கில்லை அண்ணே என்று சொல்லிப் பிரிக்க வைத்தேன். வார்னிஷ் காயாததால் தகடு வளையாமல் பிரிந்தது, இல்லாவிட்டால் மறுபடி புது ஸ்டாம்பிங் வாங்கியிருக்க வேண்டும். ஏ4 தாள் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர், காந்த ஓட்டம் அதை இரண்டு இடத்தில் கடக்கிறது, ஆக 0.2. மேலே இரும்புப் பட்டை போட்டு இறுக்கினார். வந்து மாட்டினால் தவில் தவிலாகக் கேட்டது.

அடுத்தது ஹம். ஸ்பீக்கரில் காதை வைத்தால் ம்ம்ம் என்று ஒரே முனகல். ஹம்மில் முதலில் பார்க்க வேண்டியது 50 ஹெர்ட்ஸா 100 ஹெர்ட்ஸா என்பது. போனில் டோன் ஆப் போட்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு ஒப்பிட்டேன். 100 என்றால் எச்டி வடிகட்டல் போதவில்லை என்று அர்த்தம், 50 என்றால் பெரும்பாலும் ஹீட்டர் ஒயர். என்னுடையது 50. ஹீட்டர் ஒயரை இறுக்க முறுக்கி சேஸிஸின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோனேன், 6.3 வோல்ட்டின் இரு முனையிலிருந்தும் தலா ஒரு 100 ஓம் ரெசிஸ்டரை கிரவுண்டுக்குப் போட்டேன். அவுட்புட்டில் 4 மில்லிவோல்ட்டாக இருந்த ஹம் 1.2க்கு இறங்கியது. ஐசி ஆம்பில் அதே இடத்தில் மீட்டர் 0.2 காட்டியது. உட்கார்ந்து கேட்கும் தூரத்தில் இரண்டுமே கேட்காது.

ஹீட்டரில் இன்னொரு விஷயம். டிரான்ஸ்பார்மர் 220 வோல்ட்டுக்குச் சுற்றியது, மெயின்ஸ் 240 இருக்கும்போது ஹீட்டரில் 6.9 வந்தது. இது வால்வின் ஆயுளைத் தின்னும். மொத்த ஹீட்டர் கரண்ட் 1.82 ஆம்பியர், அரை வோல்ட் குறைக்க 0.27 ஓம், 5 வாட். போட்டதும் 6.4.

எச்டியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஸ்விட்சை அணைத்த பிறகும் கபாசிட்டரில் 250 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். வால்வு சூடாக இருந்தால் அதுவே இழுத்துவிடும், ஆனால் வால்வைக் கழற்றிவிட்டுச் சோதிக்கும்போது இழுக்க ஆளில்லை. இரண்டு 100 மைக்ரோஃபாரடுக்குக் குறுக்கே 100 கே, 3 வாட் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாகப் போட்டிருக்கிறேன். அப்படியும் ஒன்றரை நிமிஷம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் உள்ளே தொடுவேன்.

செலவுக் கணக்கு: வால்வு பெரியப்பா உபயம். பவர் டிரான்ஸ்பார்மர் 1,800, அவுட்புட் இரண்டும் 2,400, பிரித்து அடுக்கியதற்கு 200, கபாசிட்டர்கள் 900, அலுமினியம் சேஸிஸ் வெட்டித் துளை போட 1,500, பீங்கான் சாக்கெட், வால்யூம், ஒயர், சில்லறை எல்லாம் 1,100. வால்வையும் வாங்க வேண்டியிருந்தால் இன்னும் ஐயாயிரம் கூடியிருக்கும்.

சரி, இப்போது ஒப்பீடு.

ஒயரை மாற்றி மாற்றிச் சொருகிக் கேட்ட முதல் சுற்றில் வால்வு அமோகமாக ஜெயித்தது. ஆனால் மீட்டர் வைத்துப் பார்த்தபோது ஒரே வால்யூம் நிலையில் வால்வு 1.4 வோல்ட், ஐசி 1 வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. அது 3 டெசிபல். 3 டெசிபல் சத்தம் கூடினால் எதுவும் நன்றாகத்தான் கேட்கும், அந்தச் சுற்றைக் குப்பையில் போட்டேன்.

ஒழுங்காகச் செய்ய ஒரு ஸ்விட்ச் பெட்டி வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: பாட்டு ஓடும்போது வால்வு ஆம்பின் அவுட்புட்டை வெறுமனே திறந்து விடக்கூடாது, டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன் போய்விடும். ஸ்பீக்கர் ஐசி பக்கம் போகும்போது வால்வு பக்கம் 8 ஓம் 50 வாட் ரெசிஸ்டர் தானாக வந்து உட்கார வேண்டும். அதற்கு நான்கு சர்க்யூட் உள்ள ஸ்விட்ச் சானலுக்கு ஒன்று. இரண்டு ஆம்பையும் 400 ஹெர்ட்ஸ் டோனில் ஸ்பீக்கர் முனையில் 1.00 வோல்ட்டுக்குச் சமன் செய்தேன். ஒரு வோல்ட் என்றால் 8 ஓமில் எட்டில் ஒரு வாட்தான். வீட்டில் சாதாரணமாகப் பாட்டு கேட்பது இந்த அளவில்தான்.

அக்கா மகன் ஸ்விட்சைப் பிடித்துக்கொண்டான். காசு சுண்டிப் பார்த்துப் போடுவான், நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சொல்ல வேண்டும். சத்தம் சமமான பிறகும் கண்டுபிடித்துவிட்டேன், அநேகமாக ஒவ்வொரு முறையும். பெண் குரலில் வால்வு அரை அடி முன்னால் நின்றது, தவிலின் தொப்பிப் பக்கம் கனமாக இருந்தது. அவனுக்கே ஆச்சரியம், "மாமா, திரும்பிப் பாக்குறீங்களா?" என்றான்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் வால்வு வாழ்க என்று எழுதி முடித்திருப்பேன். ஆனால் ஸ்பீக்கர் முனையில் மீட்டரை விட்டுவிட்டு டோனை மட்டும் மாற்றியதில் கதை மாறியது. ஐசி ஆம்ப் 60 ஹெர்ட்ஸில் 1.00, 200இல் 1.00, 400இல் 1.00, 2,000இல் 0.99. அந்த 0.99 என் மீட்டரின் குறை என்று எடுத்துக்கொண்டேன். வால்வு ஆம்ப் அதே இடங்களில் 1.24, 0.96, 1.00, 1.21. வால்வு எந்த மாயமும் செய்யவில்லை, பாஸையும் குரலின் மேல்பகுதியையும் இரண்டு டெசிபல் வாக்கில் தூக்கிக் கொடுக்கிறது!

காரணம் ஆம்பின் உள் தடை. ஸ்பீக்கர் மேல் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் அது எல்லா ஸ்தாயியிலும் 8 இல்லை. என்னுடையது 200 ஹெர்ட்ஸ் பக்கம் 6 ஓம், பெட்டியின் ஒத்ததிர்வு இருக்கும் 60 ஹெர்ட்ஸ் பக்கம் 30, ஒலியைப் பெரிய, சின்ன ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் இருக்கும் 2,000 பக்கம் 20. ஆம்பின் உள் தடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றும் செய்யாது. பெரிதாக இருந்தால், ஸ்பீக்கரின் ஓம் ஏறும் இடத்தில் எல்லாம் வோல்டேஜும் ஏறும். அளந்து பார்த்தேன்: வால்வு ஆம்ப் 8 ஓம் சுமையில் 2.00 வோல்ட், வால்யூமைத் தொடாமல் சுமையை 16 ஓமாக மாற்றினால் 2.29. கரண்ட் 0.25இலிருந்து 0.143க்கு இறங்குகிறது, வித்தியாசம் 0.107 ஆம்பியர், வோல்ட் வித்தியாசம் 0.29. வகுத்தால் 2.7 ஓம். ஐசியில் இரண்டு சுமைக்கும் மீட்டர் அசையவே இல்லை.

2.7 ஓம் கடையில் நேராகக் கிடைக்கும் மதிப்பு. 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் இரண்டு வாங்கி ஐசி ஆம்பின் ஸ்பீக்கர் ஒயரில் சீரிஸாகப் போட்டேன், இரண்டும் சேர்த்தே நாற்பது ரூபாய்க்குள். அதில் கொஞ்சம் வோல்டேஜ் விழும் என்பதால் 400 ஹெர்ட்ஸில் மறுபடி 1.00 சமன். இப்போது ஐசி 60இல் 1.27, 200இல் 0.96, 2,000இல் 1.21. வால்வின் எண்களோடு ஒட்டிக்கொண்டது. மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். நாதஸ்வரம், வீணை, எண்பதுகளின் திரையிசை எதைப் போட்டாலும் வெறும் ஊகம்தான். சில தடவை ரொம்ப நிச்சயமாக "வால்வு" என்று சொன்னபோது அது ஐசியாக இருந்தது, அக்கா மகன் இதை இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. 1978இல் வயர்லெஸ் வேர்ல்ட் இதழுக்காக ஜேம்ஸ் மோயர் குவாட் கம்பெனியின் வால்வு ஆம்பான குவாட் 2ஐயும், டிரான்சிஸ்டர் ஆம்புகளான 303, 405ஐயும் மறைத்து வைத்துக் கேட்கவைத்தார், கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1985இல் அமெரிக்காவில் பாப் கார்வர், ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த ஆம்பைப் போலவே தன் மலிவு டிரான்சிஸ்டர் ஆம்பை ஒலிக்க வைத்துக் காட்டினார். இரண்டின் அவுட்புட்டையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிச்சம் ஏறக்குறைய இல்லாமல் போகும் வரை தன் ஆம்பை மாற்றிக்கொண்டே போனார். நான் செய்தது அதில் நாற்பது ரூபாய் பங்கு.

அப்படியானால் இரண்டும் ஒன்றா என்றால், சத்தம் ஏற்றினால் இல்லை. ஈஎல்84 ஒன்று ஐந்து வாட்டோடு மூச்சு வாங்கும். நண்பரிடம் ஆசிலாஸ்கோப் வாங்கிப் பார்த்தேன்: வால்வில் அலையின் ஒரு பாதி முதலில் மெல்ல உருண்டையாகிறது, அப்புறம்தான் மறுபாதி. ஐசியில் 21 வோல்ட் வரை ஊசி போல் சுத்தம், அதற்கு மேல் கத்தியால் சீவியது மாதிரித் தட்டை. அதனால் வால்வு கொஞ்சம் திணறினாலும் காதுக்கு உறுத்தாது, ஐசி திணறினால் சகிக்காது. ஆனால் ஐசி திணறும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே கதவைத் தட்டியிருப்பார். தவில் தனியில் வால்யூமைக் கூட்டினால் மட்டும் ரெசிஸ்டர் போட்ட பிறகும் என்னால் பிரித்துச் சொல்ல முடிகிறது: அடி கொஞ்சம் மழுங்கினால் அது வால்வு. எனக்கு அங்கே ஐசிதான் பிடிக்கிறது.

சும்மா இருக்கும்போதே வால்வு 52 வாட் தின்கிறது, ஐசி 11. மின்கட்டணம் பெரிதாக ஏறாது, ஆனால் சென்னையில் மே மாதம் ஹாலில் 50 வாட் ஹீட்டர் வைப்பதை வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆகவே அன்றாடத்துக்கு ஐசி. ரெசிஸ்டரைக் கழற்றவில்லை, பின்பக்கம் ஒரு டாகிள் ஸ்விட்ச் வைத்து, பேச்சும் செய்தியும் கேட்கும்போது அதைத் தாண்டி நேராகவும், பழைய பாட்டுக்கு அதன் வழியாகவும் விடுகிறேன். வால்வு மார்கழிக்கு.

அடுத்த முறை கட்டினால் பவர் டிரான்ஸ்பார்மரில் 220, 240 என இரண்டு டாப் (சுற்றின் நடுவிலிருந்து எடுக்கும் இணைப்பு) கேட்பேன், அந்த 0.27 ஓம் வேலையே வராது. அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் வார்னிஷ் போடாமல் வாங்கி, காகிதத்தை வீட்டில் மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் வார்னிஷுக்கு அனுப்புவேன். பிரைமரியில் ஸ்கிரீனுக்கு 43 சதவீதத்தில் ஒரு டாப் எடுத்தால் உள் தடை இன்னும் இறங்கும், அதையும் அளந்து பார்க்க ஆசை. வால்வுக்கு மேல் கம்பி வலை உடனடியாக வேண்டும், அக்கா வீட்டுச் சின்னவன் அந்தச் சிவப்பு வெளிச்சத்தைத் தொட இரண்டு தடவை கையை நீட்டிவிட்டான்.